நெருப்புப் படாமல் சுட்ட அப்பளம்

நான் சுட்ட ஒரே ஓர் அப்பளத்தால் ஆப்பிரிக்காவில் நாலாயிரம் பேர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். சரி, நாலாயிரம் என்பது என் வாய்க்கொழுப்பு. நானூற்றுக்கும் கொஞ்சம் கீழே. அப்பளத்தைக்கூட நான் சுடவில்லை, அது தானாகவே சுட்டுக்கொண்டது. ஆனால் என் கையால் இட்ட அப்பளம் என்பது சத்தியம். கடை அப்பளமும் அதே வேலையைச் செய்திருக்கும் என்று என் மருமகள் சொல்கிறாள். அவள் பேச்சுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

கதை என்னைப் பற்றியதும் இல்லை. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஃபர்ஹானாவைப் பற்றியது. வயது முப்பத்தெட்டு. கணவர் ரிஃபாய் ஷார்ஜாவில் இருக்கிறார். மகளின் படிப்புக்காகத்தான் கோட்டைப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தாள். காலையில் மகளைப் பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே போனால், மாலை நாலு மணி வரை மின்விசிறிச் சத்தமும் விசைப்பலகைச் சத்தமும்தான் கேட்கும். தெருவில் என்னிடம் விசாரிக்காத ஆள் கிடையாது. "மாடி வீட்டுப் பொண்ணு சும்மாதான இருக்கு, ஒரு தையல் மிஷினாச்சும் போடலாம்ல?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டபோது, அவள் பிரெஞ்சு ராணுவத்துக்கு ரகசிய வேலை பார்க்கிறாள் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் தெருவில் எல்லாரும் அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். ஆனால் உண்மையான வேலையைச் சொன்னால் ஒருவருக்கும் மரியாதை வராது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உண்மையான வேலை இதுதான். பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர்கள் கட்டிடம் ஒன்றுக்குத் திட்டம் போடுவார்கள். சுவர் எவ்வளவு கனம், மாடிப்படி எவ்வளவு அகலம், தீப்பிடித்தால் புகை எந்த வழியாக வெளியேற வேண்டும், எந்தக் கதவு எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருக்கும். அதைக் கட்டுகிற கம்பெனிக்காரர்கள் ஆங்கிலம் படிக்கிறவர்கள். அந்தப் பிரெஞ்சை ஆங்கிலமாக்குவது ஃபர்ஹானா. ஒரு சொல் தப்பினால் கவிதையில் ரசம் கெடும். இதில் சுவர் கெடும்.

பிரெஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தகப்பனார் அபுபக்கர் வளைகுடாவில் கட்டிட சூப்பர்வைசராக இருந்ததால், காரைக்காலில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். அங்கே பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அது. லீவுக்குக் கோட்டைப்பட்டினம் வரும்போது கரையில் பிரெஞ்சில் பேரம் பேசி, மீன்காரர்கள் மிரண்டுபோய் வஞ்சிரத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். ஆனால் பெரியம்மா வீட்டுப் பிரெஞ்சையும் அத்தாவின் கட்டிடத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று பதினாறு வயதில் முடிவு பண்ணி, சிவில் டிப்ளமோவில் போய்ச் சேர்ந்தாள் என்பது மெய். வகுப்பில் நாற்பத்திரண்டு பையன்கள், இவள் ஒருத்தி.

அவளிடம் சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். பிரெஞ்சுச் சொல்லை மேலே எழுதி, அந்தப் பொருளை முதலில் படமாக வரைவாள். வரைய முடியவில்லை என்றால் ஆங்கிலச் சொல்லை எழுத மாட்டாள். கட்டிட வேலை நடக்கிற இடமாகப் பார்த்துப் போய் நின்று, கொத்தனாரிடம் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து வரைவாள். படத்துக்குக் கீழே ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'இது சரியாக இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?' கணக்கு டீச்சராக முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இந்த மாதிரி நோட்டுப் போட்ட ஒரு பிள்ளைகூட வாய்த்ததில்லை.

அந்த நோட்டில் முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் இரண்டு கதவுகள். ஒன்றைப் பிரெஞ்சில் 'பார் ஃப்ளாம்' என்கிறார்கள். தீயின் நாக்கை மட்டும் அந்தப் பக்கமே நிறுத்திவிடும் கதவு. மற்றது 'கூப் ஃப'. தீயையும் நிறுத்தும், சூட்டையும் நிறுத்தும். முதல் கதவுக்குப் பின்னால் நின்றால் நெருப்பு உங்கள் மேல் படாது, ஆனால் கதவே தோசைக்கல்லாகக் கொதிக்கும். இரண்டாவது கதவில், தீ எரிகிற நேரத்திலும், குறித்த நிமிஷம் வரை கையை வைக்கலாம்.

இந்த இரண்டும் ஏன் முதல் பக்கங்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க அத்தாவோட வலது கையப் பாத்திருக்கீங்கள்ல டீச்சரம்மா?"

பார்த்திருக்கிறேன். உள்ளங்கை தோல் முழுக்கப் பளபளவென்று இழுத்துக்கொண்டு இருக்கும். விரல்கள் முழுசாக விரியாது.

"கல்ஃபுல அத்தா இருந்த லேபர் குவார்ட்டர்ஸ்ல கீழ சமையல் ரூம் பத்திக்கிருச்சு. நடுவுல இரும்புக் கதவு. நெருப்பு ஒரு பொட்டுகூட இங்கிட்டு வரல. அதனால பயமில்லன்னு எல்லாரும் நெனச்சிருக்காங்க. ஆனா கதவுல சாத்தி வச்சிருந்த மெத்தையெல்லாம் தானாப் பத்திக்கிருச்சு. அத்தா கைப்பிடியப் புடிச்சுத் தள்ளப் பாத்துச்சு. அவ்வளவுதான்."

"ஆளுங்க?"

"ரெண்டு பேரு போயிட்டாங்க," என்றாள்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு கம்பெனி. பெயர் வேண்டாம், அதற்கு விளம்பரம் கொடுக்க நான் பிறக்கவில்லை. நாலு வருஷமாக ஃபர்ஹானா அவர்கள் பட்டியலில் இருந்தாள். வேலை வாங்கிக் கொடுப்பவர் வசந்த் என்று ஒரு மேனேஜர். போன வருஷம் சித்திரையில் பெரிய வேலை ஒன்று வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் தொழிலாளர் விடுதி. நாலு மாடி, முந்நூற்று அறுபது பேர் தங்குகிற இடம். திட்டம் போட்டது பிரெஞ்சுக் கம்பெனி, கட்டப்போவது இந்தியக் கம்பெனி. நூற்றுப்பத்துப் பக்கம். அதில் ஒரு பக்கம் கதவு அட்டவணை. மொத்தம் நாற்பத்தெட்டுக் கதவு. அதில் மாடிப்படிக்கும் சமையல்கட்டுக்கும் உள்ள பதினாலு மட்டும் சூட்டையும் நிறுத்தும் ரகம். மற்றதெல்லாம் தீயை மட்டும் நிறுத்தும் ரகம்.

மூன்று வாரம் உட்கார்ந்து முடித்து அனுப்பினாள். ஒரு புதன்கிழமை காலை, இறுதிப் பிரதி திரும்பி வந்தது. மடிக்கணினியைத் திறந்தபடியே அவள் படி இறங்கி வந்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படி வந்ததே இல்லை. முக்காடு தோளில் கிடக்கிறது, செருப்புப் போடவில்லை.

"பாருங்க டீச்சரம்மா. இதப் பாருங்க."

பார்த்தேன். நாற்பத்தெட்டுக் கதவுக்கும் ஒரே பெயர். தீத்தடுப்புக் கதவு, தீத்தடுப்புக் கதவு, தீத்தடுப்புக் கதவு என்று மேலிருந்து கீழே வரை ஆங்கிலத்தில் அணிவகுத்து நின்றது. இவள் பார்த்துப் பார்த்துப் பிரித்து எழுதிய பதினாலும் முப்பத்துநாலோடு கலந்துபோய்விட்டது. கடைசிப் பக்கத்தில், 'இதிலுள்ள தொழில்நுட்பச் சொற்கள் அனைத்துக்கும் நான் பொறுப்பு' என்ற வாசகம். அதன் கீழே ஃபர்ஹானாவின் கையெழுத்து. அவள் போட்டுக் கொடுத்த அதே கையெழுத்து.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. நான் கையெழுத்துப் போட்ட மதிப்பெண் பட்டியலில் என் கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டு, மேலே மார்க்கை மட்டும் ஒருவன் மாற்றினால் அவனை என்ன செய்வேன்? உள்ளே தள்ளும்வரை ஓயமாட்டேன். இங்கே அதே காரியத்துக்குப் பெயர் தரப்பரிசோதனையாம்.

அங்கேயே நின்று வசந்துக்குப் போன் போட்டாள். நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம், அது ரிவ்யூவர் மாத்துனது. ரெண்டு டேர்ம் இருந்துச்சுல்ல, கன்சிஸ்டன்சிக்காக ஒண்ணாக்கிட்டாங்க."

"அவங்களுக்குப் பிரெஞ்சு தெரியுங்களா?"

"இங்கிலீஷ் ரிவ்யூவர் மேடம். இங்கிலீஷ் மட்டும் பாப்பாங்க."

"ஒரே பொருளுக்கு ரெண்டு பேரு வரக்கூடாது, சரிங்க. இது ரெண்டு பொருளுங்க வசந்த். ஒண்ணு நெருப்ப மட்டும் நிறுத்தும். இன்னொண்ணு சூட்டையும் நிறுத்தும். அட்டவணையில ஒரே பேரு இருந்தா எந்தக் கதவ வாங்குவாங்க? சல்லிசா கெடைக்கிறதத்தான் வாங்குவாங்க."

"அது கான்ட்ராக்டர் பாத்துக்குவாங்க மேடம். சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தோம், அதுவும் ஃபயர் டோர்னுதான் சொல்லுச்சு."

அந்த சாஃப்ட்வேரின் யோக்கியதை எனக்குத் தெரியும். முந்தின மாதம்தான், மாடிப்படி ஏறுவதற்காகத் தளத்தில் விடுகிற திறப்பை, மில்லில் நெல் கொட்டுகிற புனல் என்று அது மொழிபெயர்த்திருந்தது. முந்நூற்று அறுபது பேரும் அந்தப் புனல் வழியாக இறங்கிப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான் போலிருக்கிறது.

"அப்ப என் கையெழுத்த எடுத்துருங்க," என்றாள் ஃபர்ஹானா.

"அது முடியாது மேடம். ஃபைல் போயாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவங்க டோர் ஆர்டர் குடுக்குறாங்களாம்."

"அப்ப திருத்தம் அனுப்புங்க."

"இப்பத் திருத்தம் அனுப்புனா நாம தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"தப்பு பண்ணிட்டோம்ல?"

"அது நமக்குள்ள மேடம்."

போன் வைத்த பிறகு நான் வசந்தின் வம்சாவளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். ஃபர்ஹானா காதில் வாங்கவில்லை. ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். மொழிபெயர்ப்பவர் எந்தச் சூழ்நிலையிலும் வாடிக்கையாளரோடு நேரடியாகத் தொடர்பு கொள்ளக்கூடாது, மீறினால் பட்டியலிலிருந்து நீக்கம். பிரெஞ்சுக் கம்பெனிப் பொறியாளரின் மின்னஞ்சல் முகவரி ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் அச்சாகியிருக்கிறது. கைக்கெட்டும் தூரம். தொட்டால் வேலை போகும்.

"அவங்க வாயாலயே திருத்த வைக்கணும். சொல்லிப் புரியல. காட்டுனாப் புரியுமா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வரைந்து காட்டுவது, செய்து காட்டுவது.

பக்கத்து வீட்டில் உள்கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை பார்ப்பவர் மலையாண்டி. குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரர். கொத்தனாராக இருந்து இப்போது கூரைக்கு ஜிப்சம் பலகை அடிக்கிறார். ஃபர்ஹானாவின் நோட்டில் பாதிப் படம் அவரைக் கேட்டு வரைந்ததுதான். வியாழக்கிழமை காலை, மிச்சம் விழுந்த பலகையோடு எங்கள் கொல்லைக்கு வந்தார்.

"ஏன் தங்கச்சி, ரெண்டும் கதவுதான? மூடுனா மூடுச்சு. இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"கட்டுங்கண்ணே, சொல்றேன்."

செங்கல்லில் அடுப்புப் போல இரண்டு கூண்டு கட்டினார். இடது கூண்டின் வாயை ஒரு இரும்புத் தகட்டால் மூடினார். வலது கூண்டின் வாயில் அதே தகடு, ஆனால் அதன் வெளிப்பக்கம் ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு. ஓரம் வழியாக நெருப்பு எட்டிப் பார்க்காமல் இரண்டுக்கும் மண்ணைக் குழைத்துப் பூசினார். உள்ளே தேங்காய் மட்டையும் காய்ந்த பாளையும். இப்போது வெளிப்பக்கம் வருகிற சூட்டைக் கண்ணுக்குக் காட்ட ஒரு சாட்சி வேண்டும். வெண்ணெய் வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான். இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையாக அப்பி வைத்தோம். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் இரண்டு உருண்டையும் வழிந்து மண்ணில் கிடக்கிறது. சித்திரை மாதத்துப் புதுக்கோட்டை வெயிலில், பத்து மணிக்கு வெளியில் வெண்ணெய் வைக்கிற புத்தி எம்.ஏ. படித்தவளுக்குத்தான் வரும்.

"அடுப்பே தேவையில்ல போலிருக்கே டீச்சரம்மா. ரெண்டு கதவும் ஃபெயிலு," என்றார் மலையாண்டி.

ஃபர்ஹானா அந்தக் காலையில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கொல்லையில் என் பழைய புடவையில் காய்ந்துகொண்டிருந்த அப்பளங்களைப் பார்த்தாள். வெயிலுக்கு அசையாது, அடுப்புச் சூட்டுக்கு மட்டும் பொரியும். இரண்டை எடுத்து, கட்டுக்கம்பியை வளைத்துக் கதவுக்கு ஒன்றாக ஒட்டி நிறுத்தினாள். கைபேசியை ஸ்டூலில் நிமிர்த்தி வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள். தீ வைத்தார் மலையாண்டி.

ஆறாவது நிமிஷத்தில் இடது அப்பளத்தில் ஒரு கொப்புளம் வந்தது. பிறகு பத்து. பிறகு அப்பளமே நெளிந்து, பழுப்பேறி, ஓரம் கருக ஆரம்பித்தது. நெருப்பின் ஒரு நாக்குகூட வெளியே வரவில்லை. தகடு சும்மாதான் நின்றுகொண்டிருந்தது. இருபது நிமிஷம் கழித்தும் வலது அப்பளம் காலையில் நான் உலர்த்திய மாதிரியே வெள்ளையாக இருந்தது, ஓரம் மட்டும் லேசாகச் சுருண்டிருந்தது. ஃபர்ஹானா படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது பலகையில் தன் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

மலையாண்டி இடது அப்பளத்தைக் கம்பியோடு எடுத்துப் பார்த்தார். "நெருப்பே படாம வெந்துருச்சே," என்றார். கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையக்கட்டுல கதவு மாட்டுனேன் தங்கச்சி. அது இந்த இடது பக்கத்துக் கதவு," என்றார். கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த மண்டபத்துக்கே போய்விட்டார்.

படம் வசந்துக்குப் போனது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'வீடியோ சூப்பர் மேடம். பட் நாம டிரான்ஸ்லேஷன் கம்பெனி, ஃபயர் சர்வீஸ் இல்ல.' கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. அந்தப் பொம்மைதான் என்னைக் கொன்றுவிட்டது. முந்நூற்று அறுபது பேர் படுத்துத் தூங்கப்போகிற கட்டிடத்தின் மாடிப்படிக் கதவைப் பற்றி ஒருத்தி கொல்லையில் புகையில் நின்று காட்டுகிறாள், அதற்கு மஞ்சள் மூஞ்சியில் ஒரு சிரிப்பு. பின்னாலேயே போனும் வந்தது. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மேடம், எனக்குப் புரியுது. நானும் சம்பளத்துக்கு இருக்கிற ஆள்தான். மேல சொன்னேன், விட்டுருன்னுட்டாங்க. நீங்களும் விட்டுருங்க. அடுத்த மாசம் இதவிடப் பெரிய புராஜெக்ட் வருது, உங்களுக்குத்தான் வச்சிருக்கேன்."

"என் கையெழுத்து இருக்குங்க வசந்த்."

"யாரு மேடம் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறாங்க?"

ஃபர்ஹானா போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். கோபம் வந்தால் நான் கத்துவேன். அவளுக்குக் கோபம் வந்தால் நிதானம் வரும். சிவப்பு நோட்டின் இரண்டாம் பக்கத்தைப் பிரித்து, கீழே இருந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தா கையைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. 'பின்னால் நிற்பவர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது.

பிறகு வரைபட மூலையில் இருந்த அந்தப் பொறியாளர் முகவரிக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதினாள். நாலே வரி. 'நான் மொழிபெயர்த்தபோது கதவுகள் இரண்டு ரகமாக இருந்தன. உங்களுக்கு வந்திருக்கும் பிரதியில் ஒரே ரகமாக இருக்கின்றன. அந்த மாற்றம் என்னுடையது இல்லை, ஆனால் கையெழுத்து என்னுடையது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் இத்தோடு உள்ள என் அட்டவணையைப் பாருங்கள்.' அட்டவணையை இணைத்தாள், அப்பளப் படத்தையும் இணைத்தாள். அனுப்புகிற பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். 'அனுப்பு ஃபர்ஹானா, வருவது வரட்டும்' என்று நான் சொன்னேன். அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு வரை பதில் இல்லை. நம் பன்னிரண்டா, அவர்கள் பன்னிரண்டா என்று நான் நாலு தடவை கேட்டு அவள் உயிரை வாங்கினேன். ஒன்றேகால் மணிக்கு வந்தது. பொறியாளர் ஒரு பெண்மணி. கதவு ஆர்டரை நிறுத்திவிட்டோம், உங்கள் அட்டவணைதான் சரி, திருத்திய பக்கத்தை இன்றே வெளியிடுகிறோம் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: படத்தில் இருக்கும் அந்த வட்டமான பரிசோதனைக் கருவி என்ன? எங்களுக்குத் தெரிந்த எந்தத் தரக்குறிப்பிலும் அது இல்லையே?

நூற்றுப்பத்துப் பக்கத்தை மூன்று வாரத்தில் மொழிபெயர்த்தவளுக்கு அப்பளத்தைப் பிரெஞ்சில் விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. 'உளுந்து மாவை வட்டமாக இட்டு வெயிலில் உலர்த்தியது. வெயிலுக்கு அசையாது. சூடு பொறுக்காது. பிறகு சாப்பிடலாம்.' இதுதான் கடைசியில் போனது.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தைக் காட்டி, பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டோம் என்று. நாலு வருஷத்து வேலைக்கு மூன்று வரி. தப்புச் செய்தவர்கள் எல்லாரும் அவரவர் நாற்காலியில் இருக்கிறார்கள். ரிவ்யூவர் இருக்கிறார், வசந்த் இருக்கிறார், நெல் கொட்டுகிற புனல்கூட இருக்கிறது. தப்பைச் சொன்னவளுக்குத்தான் வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் இதைக் கதையாகச் சொல்லியிருந்தால், பிள்ளைகள் முடிவு தப்பு டீச்சர் என்று சொல்லியிருக்கும்.

அன்றைக்குக் கோட்டைப்பட்டினத்துக்குப் போன் பண்ணி அத்தாவிடம் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"எத்தன கதவு?" என்று கேட்டார்.

"பதினாலு அத்தா."

"எல்லாம் மாடிப்படிப் பக்கமா?"

"சமையல்கட்டும் சேத்து."

"அப்பச் சரி," என்றார். பேத்தி என்ன பண்ணுகிறாள் என்று கேட்டார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. நடுவில் ஏழு மாதம் ஃபர்ஹானாவுக்குப் பெரிய வேலை எதுவும் வரவில்லை. மூன்று கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டாள். 'என்னைக் கேட்காமல் என் கையெழுத்துக்கு மேலே ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது' என்று நிபந்தனை வைத்தாள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஆபீஸ் ஒத்துக்கொண்டது. மறுபடி நாலு மணி வரை மேலே விசைப்பலகைச் சத்தம் கேட்கிறது. மலையாண்டி அந்தக் கல்யாண மண்டபத்துக்காரரோடு சண்டை போட்டுக் கதவை மாற்றிவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் இன்னும் தையல் மிஷினைப் பற்றியே பேசுகிறாள்.

எழுதி முடித்ததும், இதை ஃபர்ஹானாவைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். மீன்காரன் கதைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள். அத்தா பேச்சு வந்த இடத்தில் ஜன்னலைப் பார்த்தாள். முடிந்ததும் சிவப்பு நோட்டுக்கு எடுக்கிற அதே பென்சிலை எடுத்து, என் காகிதத்தில் ஓர் இடத்தில் கோடு போட்டாள்.

"எல்லாம் சரிதாங்க டீச்சரம்மா, இந்த வரி மட்டும் தப்பு. நீங்க 'அனுப்பு'ன்னு சொல்லல. 'வேணாம் ஃபர்ஹானா, பொழப்புப் போயிரும், எவனோ எங்கயோ கட்டுறான், ஒனக்கு என்ன வந்துச்சு'ன்னு சொல்லி என் லேப்டாப்ப மூடி வச்சீங்க. நான்தான் மறுபடி தொறந்து அனுப்புனேன். அத அப்படியே எழுதுங்க. கீழ உங்க பேரு வருதுல்ல."